வாட்ச்மேன் மிதித்த சிமென்ட்

மரக்காணம்
24.1.2006

அன்புள்ள என் வீட்டுக்காரர் காசிலிங்கம் அவர்களுக்கு, அம்சவள்ளி எழுதறது. நானும் தமிழ்நிலாவும் நல்லா இருக்கோம். உங்க அப்பாவும் நல்லாத்தான் இருக்கார், கேட்டா ஒத்துக்கமாட்டார். நீங்க நல்லா இல்லைங்கறது உங்க கடுதாசியைப் பார்த்தாலே தெரியுது, அதனால அதைக் கேக்கப் போறதில்லை.

கடுதாசி சனிக்கிழமை வந்துச்சு. அடுப்புல பாலை வெச்சுட்டு நின்னுக்கிட்டே படிச்சேன். படிக்கப் படிக்க உங்க மேல வந்த கோபத்துல பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. சாவு விழுந்த வீடுன்னு இந்த வருஷம் நாம பொங்கல் வைக்கலை இல்லையா, நம்ம வீட்டுல பொங்கினது அது ஒண்ணுதான்.

பூத்துக்குப் போய் போன் பண்ணலாம்னுதான் முதல்ல நினைச்சேன். போன்ல நான் என்ன சொன்னாலும் நீங்க "ம்"னு கேட்டுட்டு வெச்சிடுவீங்க. கடுதாசின்னா கடைசி வரைக்கும் படிச்சாகணும். உக்காந்து படிங்க.

நீங்க எழுதினதை நானே ஒருதரம் சொல்லிடறேன், சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. உங்க காமெடி சீரியல்ல இந்த ஞாயித்துக்கிழமை வரப்போற கதையில, அந்த அபார்ட்மென்ட்டு வாசல்ல புதுசா சிமென்ட் தரை போடறாங்க. வாட்ச்மேனைக் காவலுக்கு வைக்கறாங்க. வாட்ச்மேன் நீங்க. ஈர சிமென்ட்டைப் பார்த்தா உங்க வாட்ச்மேன் என்னய்யா பண்ணுவான்னு டைரக்டர் சார் கேட்டிருக்கார். நீங்க யோசிக்கக்கூட இல்லை, பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு, உப்பளத்துல பாத்தி மிதிக்கற மாதிரி மிதிச்சுக் காட்டியிருக்கீங்க. அதுவும் எப்படி, உங்க அம்மா மிதிக்கற மாதிரியே, இடுப்புல ஒரு கையை வெச்சுக்கிட்டு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அப்படியே எடுத்துட்டாங்க. கடைசியில சார், உனக்குத் தோணினதைப் பேசுன்னுட்டார். நீங்க அம்மாவைப் பத்திப் பேசிட்டீங்க. அது முடிஞ்சதும் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால போய் நின்னு அழுதிருக்கீங்க. இப்ப என்னடான்னா, அம்மாவை வித்து சிரிப்பு வாங்கிட்டேன், இனிமே இந்த வேலையே வேணாம், அடுத்த ஷூட்டிங்ல சார்கிட்ட சொல்லிட்டு ஊருக்கு வந்து உப்பளத்துல இறங்கிடறேன், நீங்க யாரும் ஞாயித்துக்கிழமை டிவி பார்க்காதீங்கன்னு எழுதறீங்க.

இதுதானே? நான் ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை நான் பார்க்கத்தான் போறேன். அதுவரைக்கும் நீங்க சார்கிட்ட வாயைத் திறக்கக்கூடாது.

உங்களை அரிக்கறது சிமென்ட் இல்லைன்னு எனக்குத் தெரியும். அம்மா செத்தப்போ வரமுடியலையேங்கறதுதான் அது. எத்தனை தடவை சொல்றது? அன்னைக்கு அடிச்ச மழையில ஈசிஆர் ரோடே ஏரியாட்டம் கிடந்துச்சு, மெட்ராஸ்லேர்ந்து ஒரு பஸ் வரலை. நீங்க ஷூட்டிங்ல இருந்தீங்க, போன் எடுக்கலை. எடுத்திருந்தா மட்டும் நீந்தியா வந்திருப்பீங்க? மழை விட்ட கொஞ்ச நேரத்துல தூக்கியாகணும்னு ஊர்ல சொல்லிட்டாங்க, உங்க சித்தப்பா மகன் வெங்கடாசலம் கொள்ளி வெச்சார். நீங்க வந்து சேர்ந்தப்போ பால் தெளிக்கறதுதான் மிச்சம் இருந்துச்சு. இதுல யாரு மேல தப்பு? மழையைக் கூப்பிட்டுத் திட்ட முடியுமா?

உங்க அப்பா அன்னையிலேர்ந்து உங்களைப் பத்திப் பேசறதில்லை, அது உண்மைதான். நான் மறைக்கலை. உங்க பேச்சை எடுத்தா எழுந்து வெளியில போயிடறார். உங்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணை எடுத்து டிவி மேல போர்த்திட்டு, வருஷம் திரும்பறவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாதுன்னுட்டார். துக்க வீட்டுல எல்லாரும் செய்யறதுதான். ஆனா அந்த டிவிக்குள்ள மகன் இருக்கானேங்கறதும் அவருக்குத் தெரியாம இல்லை.

ஊர் பேசுது. யாரு பேசாம இருக்காங்க? உங்க அத்தை வேலம்மாள்தான் முதல் ஆள். தாய் செத்த ஈரம் காயலை, பெத்த புள்ளை டிவியில குதிச்சுக்கிட்டுக் கிடக்கறான்னு குழாயடியில நின்னு சொன்னாங்களாம். நேராப் போய்க் கேட்டேன். வாராவாரம் தவறாம பார்த்தாத்தானே எந்த வாரம் எப்படிக் குதிச்சார்னு உங்களுக்குத் தெரியும், நானே பார்க்கலையே சித்தி, இந்த வாரம் என்ன கதைன்னு கொஞ்சம் சொல்லுங்கன்னேன். மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனாங்க. மறுநாளே கருவேப்பிலை கேட்டு வந்துட்டாங்க, அது வேற.

உப்பளத்துச் சேதி. இந்த வருஷ மழைக்குப் பாத்தியில தண்ணி வடியவே தை வந்துடுச்சு. நேத்துலேர்ந்துதான் மிதிக்க ஆரம்பிச்சிருக்கோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த தமிழ்நிலா, ஏம்மா எல்லாரும் வரிசையா நின்னு சேத்துல ஆடறீங்கன்னு கேட்டா. மழையில ஊறின களிமண்ணு, காலால மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கினாத்தான்டி உப்புல சேறு ஏறாது, ஆடலைடி மிதிக்கறோம்னேன். உங்க அம்மா நின்ன இடத்துல இந்த வருஷம் நான் நிக்கறேன். அவங்க மிதிச்ச பாத்தியில ஒரு காலடி தெரியாது, தெருவுல போட்ட தார் மாதிரி மழமழன்னு இருக்கும். நான் மிதிச்சதைப் பார்த்துட்டு மேஸ்திரி, காசு குடுத்து எருமையை இறக்கியிருக்கலாம்ங்கறார்.

இதுல நீங்க வேற வந்து மிதிக்கறீங்களாம். நீங்க மிதிச்ச அழகு எனக்கென்ன தெரியாததா? கல்யாணமான புதுசுல ஒருநாள் வரிசைக்கு முன்னால இறங்கி ஒவ்வொரு பொம்பளை மாதிரியும் நடந்து காட்டினீங்களே. கடைசியா உங்க அம்மா மாதிரி நடந்தீங்க. அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு வரப்புல உக்காந்து சிரிச்சாங்க. அதிகமாச் சிரிச்சது உங்க அம்மாதான். கண்ணுல தண்ணி வர சிரிச்சுட்டு, டேய் நீ இங்க இருந்தா ஒரு வேலையும் நடக்காது, எங்கனா போய் இதையே செஞ்சு பொழைச்சுக்கோன்னு விரட்டினாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. உங்களை இந்த வேலைக்கு அனுப்பினதே அவங்கதான். இப்ப அவங்களை வித்துட்டேன்னு நீங்க சொன்னா அது எப்படிங்க நியாயம்?

வேளைக்குச் சாப்பிடுங்க. ரூம்ல இருக்கறவங்களோட சேர்ந்து ராத்திரியில பரோட்டா வேண்டாம், உங்க வயித்துக்கு ஆகாது. பாப்பா உங்களுக்கு ஒரு படம் வரைஞ்சிருக்கா. தொப்பி போட்டுக்கிட்டு இருக்கறது நீங்களாம், பக்கத்துல இருக்கறது நாயா நானான்னு எனக்குச் சரியா தெரியலை. அதையும் வெச்சிருக்கேன்.

உங்க மனசு கலங்காம இருக்க நம்ம அம்மனை வேண்டிக்கிட்டு நிறுத்தறேன்.

அம்சவள்ளி


மரக்காணம்
31.1.2006

என்னங்க,

முதல்ல ஒரு விஷயம். யாரும் உங்களைத் திட்டலை. இதைப் படிச்சுட்டு மூச்சு விட்டுக்கிட்டு மீதியைப் படிங்க. நேத்தே எழுதியிருக்கணும், உப்பளத்துலேர்ந்து வந்து படுத்ததுதான் தெரியும், அப்படி ஒரு கால் வலி.

நடந்ததை ஒண்ணொண்ணா சொல்றேன். ஞாயித்துக்கிழமை நான் பக்கத்து வீட்டு மேரிசெல்வி வீட்டுல பார்க்கறதுன்னு ஏற்பாடு. உங்க அப்பா போர்த்தின சேலையை நான் தொடறதா இல்லை. மேரிசெல்வி கோயில் பூசை முடிஞ்சு வந்ததுலேர்ந்தே பாய் விரிச்சு, போண்டா சுட்டு, கல்யாண வீடு மாதிரி ஆக்கி வெச்சுட்டா. சாயங்காலம் பார்த்தா பாதித் தெரு அங்கதான் இருக்குது. முதல் வரிசையில யாருன்னு நினைக்கறீங்க? உங்க அத்தை வேலம்மாள். நல்ல சேலை கட்டிக்கிட்டு வந்து டிவிக்கு நேரா உக்காந்திருக்காங்க. என்ன சித்தி குதிக்கறதைப் பார்க்க வந்தீங்களான்னு கேக்க நாக்கு துடிச்சுது, கட்டுப்படுத்திக்கிட்டேன்.

சீரியல் பாட்டு ஆரம்பிச்சுது. அப்ப பாருங்க, மேரிசெல்வி டிவியில படம் மேலயும் கீழயும் சுருங்கிக்கிட்டே வந்து ஒரே ஒரு வெள்ளைக் கோடா நின்னுடுச்சு. மேரிசெல்வி அது தலையில ரெண்டு போடு போட்டா. கோடும் போச்சு. எல்லாரும் வாயில போண்டாவோட என்னைத் திரும்பிப் பார்க்கறாங்க. அந்த வரிசையில வேற டிவி இருக்கறது நம்ம வீட்டுலதான்.

நான் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். அதுக்குள்ள உங்க அத்தை எழுந்துட்டாங்க. எங்க அண்ணன் வீடுதானே, எனக்கில்லாத உரிமையா, எழுந்து வாங்கடின்னு சொல்லிட்டு முன்னால நடந்துட்டாங்க. பின்னாடியே பாயைத் தூக்கிக்கிட்டு ஒரு படை. உங்க அப்பா கூடத்துல உக்காந்து உப்பு வாரற பலகைக்குக் கைப்பிடிக் கொம்பு சீவிக்கிட்டிருந்தார். உங்க அத்தை அவரைக் கேக்கக்கூட இல்லை, சேலையை உருவி மடிச்சு மடியில வெச்சுக்கிட்டு, அம்சா போடுன்னாங்க. உங்க அப்பா கொம்பை எடுத்துக்கிட்டு சுவத்தைப் பார்த்துத் திரும்பி உக்காந்து சீவ ஆரம்பிச்சுட்டார். நான் டிவியைப் போட்டேன்.

நீங்க இதை டிவியில பார்த்தீங்களோ இல்லையோ, நம்ம கூடத்துல எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்றேன் கேளுங்க.

அந்தத் தொப்பைக்கார செகரட்டரி உங்களைக் கூப்பிட்டு, விடியறதுக்குள்ள இந்தத் தரை கெட்டியாகியிருக்கணும், இது உன் பொறுப்புன்னு சொல்லிட்டுப் போறார். நீங்க தனியா நிக்கறீங்க. விரலால சிமென்ட்டை அமுக்கிப் பார்க்கறீங்க, மூஞ்சி மாறுது. ஷூவைக் கழட்டறீங்க, பேன்ட்டைச் சுருட்டறீங்க, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இறங்கறீங்க. டிவிக்குள்ள இருந்து சிரிப்புச் சத்தம் வருதே, அது கடகடன்னு வருது. நம்ம கூடத்துல ஒருத்தர் சிரிக்கலை. ஏன் தெரியுமா? மேரிசெல்வி சொல்றா, ஓரத்துலேர்ந்து இல்ல ஆரம்பிக்கணும், இவர் ஏன் நடுவுல இறங்கறார்னு. இன்னொருத்தி, தண்ணி ஜாஸ்தியா இருக்குது, இன்னும் கொஞ்சம் வடியட்டும்ங்கறா. உங்க அத்தை, ஆள் ஒருத்தன் எப்படி இவ்வளவு பெரிய பாத்தியை மிதிப்பான், இன்னும் நாலு பேரை விடவேண்டாமான்னு அந்த செகரட்டரியைத் திட்டறாங்க. ஒருத்தருக்கும் அது சிமென்ட்டுன்னு தோணவே இல்லைங்க. எனக்கும்தான். பாப்பாதான் கத்துனா, ஐயோ அது சிமென்ட்டு, காஞ்சா அப்பா கால் ஒட்டிக்கும்னு. அப்புறம் ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, கூரையே ஆடிப்போச்சு. உங்களைப் பார்த்துச் சிரிச்சோமா எங்களைப் பார்த்துச் சிரிச்சோமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

நீங்க மிதிக்க ஆரம்பிச்சீங்க. இடுப்புல கை. சதக் சதக்னு அந்தச் சத்தம். நான் டிவியைப் பார்க்கலை, உங்க அப்பா முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கொம்பு சீவற கத்தி நின்னுச்சு. சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம் மெதுவா திரும்பினார்.

அப்புறம் மாடியிலேர்ந்து ஒவ்வொருத்தரா எட்டிப் பார்த்துக் கத்தறது, செகரட்டரி ஓடிவந்து வழுக்கி விழறது, எழுந்துக்க முடியாம உங்க காலையே பிடிச்சுக்கறது, மிதிக்கறதுக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு நீங்க அவரையும் தோளைப் பிடிச்சு வரிசையில நிக்க வைக்கறது. உங்க அத்தை சிரிச்ச சிரிப்புல கொண்டை அவிழ்ந்துபோச்சு. அவங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள, நீங்க அம்மாவைப் பத்திப் பேசினீங்களே, அது வந்துடுச்சு. காலையில தரை காஞ்சு கிடக்குது, முழுக்கக் காலடி. செகரட்டரி, உன்னை யாருடா மிதிக்கச் சொன்னதுன்னு கத்தறார். நீங்க தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, எங்க ஊர்ல தரை கெட்டியாகணும்னா மிதிப்போம் சார், எங்கம்மா மிதிச்சா ஒரு காலடி தெரியாது, நான் மிதிச்சா எல்லாமே தெரியுது சார்னு சொல்றீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. டிவிக்குள்ள இருக்கறவங்களும் சிரிக்கறாங்க. நீங்க குனிஞ்சு அந்தக் காலடியைப் பார்த்துக்கிட்டு, அவங்க போனப்புறம் அவங்க மிதிச்ச இடம் பூரா தேடிப் பார்த்தேன் சார், ஒரு காலடிகூட விட்டுட்டுப் போகலைன்னீங்க. சிரிக்கறதுக்குத் திறந்த வாயை யாருக்கும் மூடத் தெரியலை. டிவிக்குள்ள சிரிச்சவங்களும் நிறுத்திட்டாங்க. நல்லவேளை, வயலின் கியலின்னு ஒண்ணும் போடலை. போட்டிருந்தா நான் செருப்பை எடுத்து வீசியிருப்பேன்.

எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தனை பேர் முன்னால வெக்கமே இல்லாம அழுதேன். செத்த அன்னைக்கு மழையில ஓடியாடி வேலை பார்த்ததுல எனக்கு அழ நேரமே கிடைக்கலைங்க. அதெல்லாம் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அழுதுக்கிட்டே இருக்கேன், டிவியில அந்த செகரட்டரி என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டு, சரி சரி, முதல்ல என் செருப்பை எடுத்துக் குடுங்கறார். அவர் செருப்பு சிமென்ட்டுல நட்டுவெச்ச மாதிரி நிக்குது. நீங்க பிடிச்சு இழுக்கறீங்க, வார் மட்டும் கையோட வருது. அழுத கண்ணோட எல்லாரும் சிரிச்சுட்டோம். மூக்கைச் சிந்தறதா சிரிக்கறதான்னு தெரியாம மேரிசெல்விக்குப் போண்டா புரை ஏறிப்போச்சு.

எனக்குச் சீரியல் பத்தி என்ன தெரியும், எட்டாவது படிச்சவ. ஆனா இது தெரியுது. முதல்லேர்ந்தே அழவெச்சிருந்தா நாங்க அழுதிருக்கமாட்டோம். ஊர்ல அழறதுக்கு ஆளா இல்லை? சிரிக்க வெச்சு, எங்களை அசந்துபோக வெச்சு, அப்புறம் சொன்னீங்க. அதுக்கு மேல அழவிடாம மறுபடி செருப்பைக் கொண்டாந்தீங்க. உங்க அம்மாவை யாரும் கேலியாப் பார்க்கலைங்க. சேத்துல நின்னே காலத்தை ஓட்டிட்டுச் செத்துப்போன ஒரு பொம்பளையை அன்னைக்கு அத்தனை ஊர்ல நினைச்சுப் பார்த்திருப்பாங்க.

இதை நான் உங்களைச் சமாதானப்படுத்தறதுக்காக எழுதறேன்னு நினைக்காதீங்க. நேத்து பாத்தியில வந்து பார்த்திருக்கணும். வரிசையில இருக்கற அத்தனை பொம்பளைங்களும் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கறாளுங்க, எங்களை டிவியில காட்டிட்டாங்கன்னு. மேஸ்திரி வந்து சத்தம் போட்டார், ஒருத்தி அவர்கிட்டயே போய் முதல்ல என் செருப்பை எடுத்துக் குடுய்யாங்கறா. அந்த மனுஷனும் ஞாயித்துக்கிழமை பார்த்திருப்பார்போல, திட்ட வந்தவர் திரும்பிக்கிட்டுத் தோள் குலுங்கப் போறார்.

ஆனா உங்க அப்பா. அதுதானே உங்களுக்கு வேணும்? சொல்றேன்.

சீரியல் முடிஞ்சதும் அவர் எழுந்து வெளியில போயிட்டார். சிரிக்கலை, அழலை. அவர் போனதைப் பார்த்து எல்லாரும் சத்தமில்லாம பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. உங்க அத்தை சேலையை எடுத்து மறுபடி டிவி மேல போர்த்தினாங்க. போர்த்திட்டு அதை ரெண்டு தரம் நீவிவிட்டாங்க. போச்சுடா, இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சுன்னு எனக்குத் தோணிடுச்சு. நேத்து முழுக்க அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பாத்தியில தனியா ஒரு மூலையில வேலை பார்த்தார். கஞ்சி குடுத்தேன், குடிச்சார், அவ்வளவுதான். உங்களுக்கு என்னன்னு எழுதறதுன்னு எனக்கே புரியலை. நல்லதை மட்டும் எழுதிட்டு அவரைப் பத்தி எழுதாம விட்டுடலாமான்னுகூட நினைச்சேன்.

இன்னைக்கு இந்தக் கடுதாசியை எழுதிக்கிட்டிருக்கேன், பாப்பா பக்கத்துல உக்காந்து வாய்ப்பாடு படிக்கறா. உங்க அப்பா உள்ள வந்தார். அவனுக்கா எழுதறேன்னு கேட்டார். ஆமாங்கன்னேன். தண்ணி மொண்டு குடிச்சுட்டு நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொல்றார், அவன் குதிகாலை முதல்ல வைக்கறான், அது தப்பு. எனக்கு என்ன சொல்றார்னே முதல்ல புரியலை. குதிகாலை முதல்ல வெச்சா குழி விழும், அவ அப்படி வைக்கவே மாட்டா, விரல்தான் முதல்ல, குதிகால் கடைசியிலங்கறார். சரிங்க மாமா எழுதறேன்னேன். எழுதினா அவனுக்கு எங்க புரியப் போவுதுன்னு சலிச்சுக்கிட்டார். என்ன நினைச்சாரோ, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கூடத்துல நடுவுல நின்னு, இடுப்புல ஒரு கையை வெச்சு நடந்து காட்டினார்.

உங்க அப்பாங்க. சிரிச்ச முகத்தை நான் எண்ணி ரெண்டு தரம் பார்த்திருக்கற மனுஷன். அந்த ஒல்லிக் காலை வெச்சுக்கிட்டு, கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சு, உங்க அம்மா மாதிரியே நடக்கறார். கழுத்தை அவங்க சாய்ப்பாங்கங்கறது எனக்கே மறந்துபோயிருந்துச்சு. பாப்பா வாய்ப்பாட்டைப் போட்டுட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டா. எனக்கு உசுரே போயிடுச்சு, அவ வாயைப் பொத்தப் போனேன். அவர் நின்னு அவளைப் பார்த்தார். பார்த்துட்டு, முன்னைவிட மெதுவா, இன்னும் கொஞ்சம் கழுத்தைச் சாய்ச்சு மறுபடி நடந்தார். அவ உருண்டு உருண்டு சிரிக்கறா. அவர் சிரிக்கறார், கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது, தொடைச்சுக்கவும் இல்லை. அடுத்த தடவை செய்யும்போது இப்படிச் செய்யச் சொல்லுன்னார். அடுத்த தடவைங்கறதை நான் சேர்க்கலை, அவர் வாயால சொன்னதுதான்.

எனக்கு நீங்க வரணும்னு இல்லையான்னு கேக்காதீங்க. இருக்குது. தினமும் இருக்குது. லீவு சொல்லிட்டு வாங்க, வேலையை விட்டுட்டு வராதீங்க.

அப்படியும் விட்டுத்தான் ஆவேன்னு உங்களுக்குத் தோணினா, நீங்களே நேர்ல வந்து உங்க அப்பாகிட்ட சொல்லிக்குங்க, என்னால ஆகாது. நான் இதை முடிக்கப் போறேன், அவர் இன்னும் கூடத்துல நடந்துக்கிட்டே இருக்கார்.

நீங்க நல்லா இருக்கணும்னு நினைக்கற
அம்சவள்ளி